வரப்பிலிருந்து எண்ணிய பத்துக் குத்து

அந்த மார்கழியில் நான் நோட்டில் தினமும் எழுதியவை நான்கே: தேதி, வானம், புகையான், சிலந்தி. நோட்டு நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மிச்சமானது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'மாதிரி எண்', 'எடுத்த இடம்' என்று இரண்டு கட்டங்கள் அச்சடித்திருக்கும். எடுத்த இடம் என்ற கட்டத்தை நான் காலியாகவே விட்டுவந்தேன். எங்கள் வயல்தானே, வேறு எங்கே என்று நினைத்துக்கொண்டேன்.

புகையான் எள்ளளவு பூச்சி. பழுப்பு நிறம். நாற்றுகள் கொத்தாகக் கிளைத்த நெற்குத்தின் அடியில், தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே, தண்டோடு ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். கூட்டம் ஓர் அளவைத் தாண்டினால் வயலுக்குள் வட்டமாகப் பயிர் தீய்ந்துபோகும், புகை போட்ட மாதிரி. ஒரு வட்டம் கண்ணில் பட்டால் அதோடு நிற்பதில்லை. நாளுக்கு நாள் விரிந்து அடுத்த வட்டத்தோடு சேரும். சேர்ந்துவிட்டால் அறுக்க எதுவும் இருக்காது.

எங்களுக்குத் திருப்பனந்தாள் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அப்பா குவைத்துக்குப் போன பிறகு முதல் சம்பாவை அம்மா தனியாக எடுத்து நடத்தினாள். அப்பா போகும்போதே சொல்லியிருந்தார்: "இந்த ஒரு சம்பா பாப்போம். சரியா வரலைன்னா அண்ணன்கிட்ட குத்தகைக்கு விட்டுடலாம். நீ எதுக்குச் சேத்துல கெடந்து அல்லாடணும்?" அவர் அன்போடுதான் சொன்னார். அம்மாவுக்கு அது கெடு வைத்ததாகக் கேட்டது. போர்செட் சாவியை எடுத்துத் தன் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சாவி அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

புரட்டாசியில் நடவு நடந்தபோது நான் ஒன்று கேட்டேன். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடலாம் என்று. பட்டம் விடுவது என்பார்கள். காற்றும் வெயிலும் குத்தின் அடிக்குப் போகும். ஈரப் புழுக்கம் இல்லாத இடத்தில் புகையான் அவ்வளவு வேகமாகப் பெருகாது. வீடியோ காலில் அப்பா சிரித்தார். "ஆறு மாவுல அவ்ளோ இடத்தைச் சும்மா போடறதா? காத்து வாங்கவா வயல் வெச்சிருக்கோம்?" அம்மா முதல் போகத்திலேயே அவர் பேச்சை மீற விரும்பவில்லை. நெருக்கமாகவே நட்டார்கள்.

கார்த்திகை கடைசியில் மழை நின்றது. மூட்டம் மட்டும் நிற்கவில்லை. பகலில் புழுக்கம், காலையில் பனி. கதிர் வெளியே வந்து பூக்கத் தொடங்கிய வாரத்தில் அம்மா ஒரு குத்தை அடியில் பிடித்து ஆட்டினாள். தண்ணீரில் நாலைந்து புள்ளிகள் விழுந்து நீந்தின. அன்றைக்கே நான் இரண்டு வாரம் லீவு போட்டேன்.

நான் படித்தது விலங்கியல். ஒரு கூட்டம் எப்படிப் பெருகும், எங்கே நிற்கும் என்று இரண்டு செமஸ்டர் கோடு போட்டிருக்கிறேன். அதில் மறக்காமல் நின்றது ஒரு பட்டியல். எண்ணிக்கை மாற நான்கு வழிகள்தான்: பிறப்பு, சாவு, உள்ளே வருவது, வெளியே போவது. இதை அம்மாவுக்கு மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். மருந்து அடித்தால் புகையான் சாகும். அதைத் தின்னும் சிலந்தியும் சாகும். ஆனால் புகையான் முட்டை தண்டுக்கு உள்ளே இருக்கிறது, அதை மருந்து தொடாது. பத்து நாளில் குஞ்சு வரும்போது சிலந்தி இருக்காது. அதனால் பார்த்து, எண்ணி, அளவு தாண்டினால் மட்டும் அடிக்கலாம்.

"அளவுன்னா எவ்ளோ?"

"தூருக்கு ஒண்ணு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு வரைக்கும் பொறுக்கலாம். நம்ம குத்துல பதினஞ்சு தூர் கெளச்சிருக்கு. அப்ப முப்பது."

"முப்பது வரைக்கும் சும்மா பாத்துகிட்டு நிக்கணுமா?"

"சும்மா இல்ல. எண்ணிகிட்டு."

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி, எண்ணு. ஆனா உள்ள எறங்கக் கூடாது. பயிரு பூக்குது."

பூக்கும் பயிருக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் இறங்கமாட்டார்கள். காலில் பட்டு அசைந்தால் பூ கொட்டி, கதிர் பதராகும் என்பது ஊரில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. உரம் போடமாட்டார்கள், களை எடுக்கமாட்டார்கள், ஆட்டுக்குட்டி புகுந்தால்கூட வெளியே நின்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நான் வரப்பில் குந்தி, கை எட்டும் தூரத்தில் பத்துக் குத்து தேர்ந்தெடுத்தேன். நாலு பக்க வரப்பிலும் பரவலாக இருக்கும்படி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். குத்தைச் சாய்த்து, அடியில் வெள்ளைத் தட்டைப் பிடித்து, மூன்று முறை தட்டுவது. விழுந்ததை எண்ணுவது.

முதல் நாள் குத்துக்கு ஆறு. சிலந்தி இரண்டு. இரண்டாம் நாள் ஏழு, சிலந்தி இரண்டு. மூன்றாம் நாள் எட்டு, சிலந்தி மூன்று. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு திருப்தி வந்தது, அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோடு நான் வரைந்த மாதிரியே போய்க்கொண்டிருந்தது.

பெரியப்பாவின் வயல் எங்களுக்கு மேற்கே, ஒரே வரப்பு நடுவில். அவர் பயிர் பத்து நாள் முந்தியது, பால் பிடித்துவிட்டது. தினமும் காலையில் வாயில் பல்குச்சியோடு வந்து நிற்பார்.

"என்ன டாக்டரம்மா, சென்சஸ் எந்த மட்டுல இருக்கு?"

"எட்டு பெரியப்பா."

"எட்டுப் பேருக்கும் ரேஷன் கார்டு குடுத்தாச்சா? ஆதார் வேணும்பாங்க, பாத்துக்க."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்வாள். அவர் போன பிறகு முகம் பழையபடி ஆகிவிடும். நான்காம் நாள் அவர் சிரிக்காமல் பேசினார். "நாளைக்கு ட்ரோன் வரச் சொல்லிருக்கேன். உங்களுதுக்கும் சேத்து அடிச்சுடச் சொல்றேன். பத்து நிமிஷ வேலை. தம்பி என்னைத்தானே கேப்பான்?"

"ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்றோம் அத்தான்," என்றாள் அம்மா.

"பாத்துகிட்டே இருங்க. அதுவும் உங்களப் பாத்துகிட்டேதான் இருக்கு."

அன்று மாலை அப்பா கூப்பிட்டார். நான் போனை வயல் பக்கம் திருப்பிக் காட்டினேன். பச்சை.

"நடுவுல எப்படி இருக்கு?"

"நடுவுல போக முடியாதுப்பா. பூத்திருக்கு."

"ம்," என்றார். அந்த 'ம்' எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. குத்துக்கு ஒன்பது, சிலந்தி மூன்று என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ட்ரோன் வந்தது. அதை ஓட்டியவர் கும்பகோணம் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். வரப்பு முனையில் கறுப்புக் குடையின் நிழலில் நின்றுகொண்டு திரையைப் பார்த்து ஓட்டினார். எங்கள் பயிர் பூத்து நின்ற நேரம். இரைச்சல் மேற்கிலிருந்து எங்கள் வரப்பு வரை வந்து திரும்பும். மூன்றாவது சுற்றில் அவர் திரையைக் குடைக்குள் இன்னும் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார்.

"ஐயா, பக்கத்து வயல் யாருது?"

"ஏன்?" என்றார் பெரியப்பா.

"நடுவுல சொட்டையா இருக்கே."

நான் ஓடினேன். திரையில் எங்கள் ஆறு மா உள்ளங்கையளவில் கிடந்தது. ஓரமெல்லாம் நல்ல பச்சை. நடுவில், சற்றுப் பள்ளமாகத் தண்ணீர் தங்கும் இடத்தில், ஒரு மஞ்சள் வட்டம். அதன் மையம் பழுப்பு. ஐந்து நாளாக நான் தட்டோடு சுற்றிவந்த வரப்பு அதைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி இருந்தது.

அங்கேயே புரிந்துவிட்டது. வரப்பில் புல் இருக்கிறது. சிலந்தி குடியிருப்பது புல்லில். அங்கிருந்து இரண்டு கை தூரத்துக்கு வந்து வேட்டையாடிவிட்டுத் திரும்புகிறது. கை எட்டும் தூரத்தில் எண்ணிய என் பத்துக் குத்தும் சிலந்தியின் வாசல். புகையான் தேடுவது நிழல், ஈரம், நெருக்கம். அது நடுவில். குளத்துத் தண்ணீரைக் கரையோரம் மொண்டு பாட்டிலில் கொண்டுவந்தால், 'எடுத்த இடம் சரியில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புகிறவள் நான்.

பெரியப்பா கேலி பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டேங்க்ல மருந்து இருக்கு," என்றார் அம்மாவிடம். "ஒரு வார்த்தை சொல்லும்மா. இப்பவே திருப்பச் சொல்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "உன் கணக்கு என்ன சொல்லுது?"

"என் கணக்கு தப்பும்மா. ஓரத்துல மட்டும் எண்ணிட்டேன்."

"சரி. இப்ப என்ன செய்யணும்?"

தெரிந்தவற்றை மட்டும் வரிசையாகச் சொன்னேன். ட்ரோன் மருந்து மேலே இலையில் விழும், பூச்சி அடியில் இருக்கிறது. ஓரத்துச் சிலந்தி அத்தனையும் போகும். வட்டத்துக்கு வெளியே எவ்வளவு பரவியிருக்கிறது என்று உள்ளே போகாமல் யாராலும் சொல்ல முடியாது.

ட்ரோன்காரர் குறுக்கே வந்தார். "அடியில எறங்காதுங்க, அது உண்மைதான். ஆனா ஒண்ணும் அடிக்காம விட்டா அதுவும் தப்புங்க."

"யாரு வுடப் போறா?" என்றாள் அம்மா. பிறகு பெரியப்பாவிடம், "மத்தியானம் உள்ள எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன் அத்தான். பாத்துட்டுத்தான்."

"பூக்கிற பயிருலயா?"

"பூ பன்னெண்டு மணிக்கு மூடிக்கும். மூடுனப்புறம் எறங்குறேன்."

அவருக்கு அது தெரியாமல் இருக்காது. எனக்கும் தெரியும், நெற்பூ முற்பகலில்தான் திறந்திருக்கும். ஆனால் விதி நாள் முழுவதற்குமாக இருந்தது, யாரும் அதை மணி பார்த்து அளந்ததில்லை. ட்ரோன் எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கமே இறங்கியது.

பன்னிரண்டரைக்கு அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு நீள மூங்கில் கழியோடு இறங்கினாள். "பின்னாலயே வா. ஒரு குத்து மிதிபட்டாலும் உன் முதுகுல விழும்." கழியால் இரண்டு வரிசைகளை இடமும் வலமும் மெதுவாக ஒதுக்கி, நடுவில் ஒரு சந்து பிரித்துக்கொண்டே போனாள். கதிர்கள் என் கையில் உரசின. ஒவ்வோர் உரசலும் ஒரு நெல் என்று மனம் எண்ணியது.

வட்டத்தின் நடுவில் எண்ண எதுவும் இல்லை. தண்டுகள் பழுப்பாகி, அடியில் கறுப்புப் பூசணம் படர்ந்து, தொட்டால் நொறுங்கின. விளிம்பில் முதல் குத்தைத் தட்டினேன். தட்டு வெள்ளையாகத் தெரியவில்லை. நூற்றுப் பத்து வரை எண்ணி நிறுத்திவிட்டேன். சிலந்தி இல்லை. நாலு காலடி வெளியே எண்பது. இன்னும் நாலு காலடி, நாற்பது. அதற்கும் வெளியே இருபத்திரண்டு, சிலந்தி ஒன்று. நோட்டில் எடுத்த இடம் என்ற கட்டத்தை முதல் தடவையாக நிரப்பினேன்.

கைத்தெளிப்பானோடு வட்டத்துக்கு மட்டும் அடிப்பது என்று முடிவானது. விளிம்பிலிருந்து எட்டுக் காலடி வரை, குழாயை அடியில் விட்டு. நாற்பது எண்ணிய இடம் வரை அதற்குள் வந்துவிடும். டேங்கை நான் சுமந்தேன், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. அதன் பிறகு வடிகால் மடையைத் திறக்க வேண்டும் என்றேன். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"பூக்கிற பயிருக்குத் தண்ணிய எடுக்கச் சொல்றியேடி."

"மூணு நாளும்மா. சேறு காயாது. அடியில ஈரம் குறையணும்."

"மூணு நாளு," என்று எண்ணுவது போலச் சொல்லிவிட்டு மடையைத் திறந்தாள். பொழுது சாய்வதற்குள் ஆறு சந்து பிரித்தோம், ஓரத்திலிருந்து நடுவரை. காற்று போக. சிலந்தி வர.

அதற்குப் பிறகான நாட்கள் மெதுவாக நகர்ந்தன. மத்தியானம் ஒரு மணிக்கு இறங்குவேன். இருபது குத்து, ஓரம் முதல் நடு வரை. அம்மா வரப்பில் நிற்பாள், கேட்கமாட்டாள். நானே எண்ணைச் சொல்வேன். முதல் நாள் விளிம்பில் பதினைந்து. இரண்டாம் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் முப்பத்தொன்று.

பென்சில் நின்றுவிட்டது. திரும்ப எண்ணினேன். எல்லாம் வெள்ளையாக, தூசி போலச் சின்னக் குஞ்சுகள். தண்டுக்குள் இருந்த முட்டை பொரிந்திருந்தது. நான் காலண்டர் தாளில் வரைந்தது கண்முன்னால் நடந்தது. அளவு முப்பது, தாண்டியாகிவிட்டது. அது சிலந்தி இருந்தால் பொறுக்கும் அளவு, இங்கே குத்துக்கு அரைச் சிலந்திகூட இல்லை.

பெரியப்பா வரப்பில் வந்து நின்றார். "ட்ரோன்காரனுக்கு ஒரு போன் போதும். அரை மணி நேரத்துல வந்துருவான்."

அம்மா என்னிடம் கேட்டாள். "முழுசா அடிச்சுடலாமா?"

"அடிச்சா ஓரத்துல மிச்சம் இருக்கிற சிலந்தியும் போயிரும். அடிக்காட்டி இது பெருகலாம். எனக்கு உறுதியா தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்றல்ல. அன்னைக்கு எட்டு எட்டுன்னு சொன்னதுக்கு இது தேவலாம்." சந்து வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு எண்ணிட்டு வா. நாப்பது தாண்டினா நானே போன் பண்றேன். அத்தான், நம்பரைக் குடுத்துட்டுப் போங்க."

அவர் எண்ணைக் கொடுத்தார். அம்மா அதைப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள் முப்பத்து நான்கு. அதற்கடுத்த நாள் முப்பத்து மூன்று. இரண்டு நாளும் அம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மடையை அடைத்துத் தண்ணீர் திரும்பப் பாய்ச்சினோம், நனைய மட்டும். சந்துகளின் வாயில் இரண்டு குத்துகளுக்கு நடுவே சிலந்தி நூல் ஓடியது, காலைப் பனியில் தெரிந்தது. சிலந்தி ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தது. நடு வரை வந்ததா என்பதுதான் கேள்வி. ஆறாம் நாள் விளிம்பில் இருபத்தாறு, சிலந்தி ஒன்று. அதோடு இன்னொன்றையும் எழுதினேன். வட்டத்தைச் சுற்றியிருந்த வளர்ந்த பூச்சிகளில் முக்கால்வாசி நீளச் சிறகு. சாறு தாராளமாக இருக்கும்போது குட்டைச் சிறகோடு பறக்க முடியாதவைதான் அதிகம் இருக்கும். இருந்த இடத்திலேயே முட்டையிடும். நெருக்கடி முற்றும்போது நீளச் சிறகோடு வளரும், வேறு வயல் தேடிப் பறக்க.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா வாசலிலிருந்து கத்தினாள். டியூப்லைட்டைச் சுற்றிச் சுவர் முழுக்கப் பழுப்புப் புள்ளி. கோலப்பொடி டப்பாவின் மூடியில், தண்ணீர்க் குடத்தில், அம்மாவின் தலைமுடியில்.

"இவ்ளோவா? வயல்ல இவ்ளோ இருக்கா?"

"இருந்ததும்மா. கெளம்புதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"நாளைக்கு நடுவுல எண்ணினாத்தான் சொல்ல முடியும்."

அம்மா விளக்கை அணைத்தாள். இருட்டில் நின்றோம். அவை எங்கே இறங்கும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது. என் பட்டியலில் நான்காவது வழி வெளியே போவது. வேறு யாருடைய பட்டியலிலோ அது மூன்றாவது வழி, உள்ளே வருவது. பின்நடவு நட்டு இன்னும் இளசாக நிற்கும் ஏதோ ஒரு வயலில், நாளையோ மறுநாளோ, ஒருவர் குத்தை ஆட்டிப் பார்ப்பார், நாலைந்து புள்ளி விழும்.

மறுநாள் விளிம்பில் ஒன்பது. சிலந்தி இரண்டு. நான் வரப்புக்கு வருவதற்கு முன்பே அம்மா என் நடையைப் பார்த்துவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு எண் ஏறவில்லை. பொங்கல் முடிந்து கதிர் பழுத்தபோது நடுவில் கால் மா அளவுக்கு வெறும் வைக்கோல். சுற்றிலும் மற்றதெல்லாம் தலை சாய்ந்து நின்றது. நாங்கள் நடந்த சந்துகளின் ஓரத்தில் கொஞ்சம் பதர் இருந்தது. பெரியப்பா வயலும் தப்பித்தது. ட்ரோனாலா, பத்து நாள் முந்தியதாலா என்று எனக்குத் தெரியாது.

அறுவடை மெஷின் வருவதற்கு முதல் நாள் அப்பா கூப்பிட்டார். அம்மா போனை என்னிடம் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு சந்து வழியாக நடந்து, நேராக நடுவுக்குப் போய் வட்டத்தில் நின்றாள். நல்ல பயிரைக் காட்டுவதற்கு முன்னால் அந்தச் சொட்டையைக் காட்டினாள்.

"இதான் போனது. கால் மா இருக்கும்." பிறகு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். "மத்தது நிக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். அப்பா திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவரு என்ன சொல்றது? அடுத்த சம்பாவுக்கு நான் பட்டம் விட்டுத்தான் நடுவேன். எடம் வீணாப்போவுதுன்னு யாரும் சொல்லக் கூடாது."

அம்மா காத்திருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து ஆடாமல் தொங்கியது.

"எத்தனை அடிக்கு ஒண்ணு?" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"எட்டடிக்கு," என்றாள். "நடு வரைக்கும் நடந்து போற மாதிரி."